புலிக்குழியும் அகழியும்: ஒரு சிங்கப்பூர் விடுமுறையின் முன்கதை

குடும்பத்தோடு முதன்முறையாக வெளிநாட்டு விடுமுறைக்குக் கிளம்பும் தமிழர்களில் பலர் சிங்கப்பூரையே தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையிலிருந்து நான்கரை மணி நேர விமானப் பயணம், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று, இட்டலிக்கும் குறைவில்லை. பயண முகவர்கள் அச்சிட்டுத் தரும் நிரலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பகல் மண்டாய் விலங்குத் தோட்டம், அன்றிரவே நைட் சஃபாரி, மறுநாள் செந்தோசாத் தீவு. அங்கே கேபிள் கார், சரிவில் உருண்டோடும் லூஜ் வண்டி, கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப்லைன், துணிந்தவர்களுக்குப் பஞ்சி என்னும் கயிற்றுப் பாய்ச்சல்.

விலங்குகளைப் பார்ப்பதும் சாகச விளையாட்டும் தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றும். சற்று யோசித்தால், இரண்டிலும் நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரே பொருளைத்தான் என்பது விளங்கும். தீங்கு நீக்கப்பட்ட அச்சம் என்று அதனைச் சொல்லலாம். புலியை மிக அருகில் பார்க்க வேண்டும். புலி நம்மைத் தொடக்கூடாது. பெரும் உயரத்திலிருந்து விழ வேண்டும், அடிபடக்கூடாது. அச்சத்திலிருந்து தீங்கை இவ்வாறு பிரித்தெடுக்கும் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஏடுகள் பல சிங்கப்பூரிலேயே எழுதப்பட்டவை. சிலவற்றில் நம்மவரும் இருக்கிறார்கள். பிரித்தெடுக்கப்பட்ட தீங்கு எங்கே போயிற்று, யார் தலையில் விழுந்தது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் புகழ்பெற்ற அச்சோவியம் ஒன்று இருக்கிறது. அடர்ந்த காட்டின் நடுவே ஒரு புலி பாய்கிறது. அது பாய்ந்த இடத்தில் நில அளவைக் கருவி முறிந்து சாய்கிறது. தொப்பியணிந்த வெள்ளையர் ஒருவர் பின்னால் சரிகிறார். அவரைச் சுற்றிலும் கரிய மேனியர் சிலர் நாலாபக்கமும் சிதறி விழுகிறார்கள். வெள்ளையரின் பெயர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன். அயர்லாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர், அன்றைய சிங்கப்பூரின் பொதுப்பணிக் கண்காணிப்பாளர். நிகழ்ச்சி நடந்த ஆண்டு 1835. சிதறி விழும் கரிய மேனியர் இந்தியக் கைதிகள். புலி கருவியை உடைத்ததோடு போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பர்.

அந்தக் கைதிகள் அங்கே ஏன் இருந்தார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிறைகளின் பாரத்தைக் கடல் கடந்து இறக்கி வைத்த இடங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. 1825 முதல் 1873 வரை மதராஸ், வங்காளம் முதலிய மாகாணங்களிலிருந்து தண்டனை பெற்றவர்கள் அங்கு அனுப்பப்பட்டார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கியதும், சாலை வெட்டியதும், பாலம் கட்டியதும் அவர்களே. இன்று பயண நிரலில் இடம்பெறும் புனித ஆண்ட்ரூ பேராலயத்தையும் 1856 தொடங்கிச் சில ஆண்டுகளில் அவர்கள்தாம் எழுப்பினார்கள். அதன் சுவர்ப்பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. சுண்ணாம்பை முட்டை வெண்கருவும் சருக்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்தும் முறை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு அந்நியமாக இராது.

தீவின் உட்பகுதியில் சீனத் தொழிலாளர் காட்டை அழித்து மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். நாம் வெற்றிலையோடு மெல்லும் கத்தக்காம்பு இந்தக் காம்பியர்ச் செடியின் இலையைக் காய்ச்சி எடுப்பதே. தோல் பதனிடவும் சாயமேற்றவும் ஐரோப்பா அதனைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதும் தோட்டங்கள் காட்டின் ஆழத்துக்குள் நுழைந்தன. இலை காய்ச்சும் அடுப்புக்கும் காட்டு மரமே விறகு. சில ஆண்டுகளில் மண் சாரம் இழந்ததும் அந்த இடத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டினார்கள். கைவிட்ட நிலத்தில் புல்லும் புதரும் மண்டின. புலி பதுங்கவும் மனிதனை எதிர்கொள்ளவும் இதைவிட வாய்ப்பான நிலம் வேறில்லை. ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்தும் புலிகள் வந்தன.

1854இல் சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றருகே தங்கி வண்டுகளைச் சேகரித்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு சீனர் புலியால் மாள்வதாகப் பின்னாளில் தம் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் எழுதினார். இந்தக் கணக்கு மிகையா என்னும் வாதம் உண்டு. தொழிலாளர் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்று தோட்ட முதலாளிகள் பல சாவுகளை மறைத்தார்கள் என்பதும் அக்காலத்தவர் எழுதி வைத்த செய்திதான். எண் எதுவாயினும் செத்தவர் யார் என்பதில் ஐயமில்லை. வெறுங்காலோடு வெட்டவெளியில் குனிந்து இலை பறித்த கூலிகளே அவர்கள்.

அரசு புலித்தலைக்கு வெகுமதி அறிவித்தது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியக் கைதிகளுள் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களைக் குழுக்களாக்கிக் காட்டுக்குள் புலிவேட்டைக்கு அனுப்பியது. அச்சிறையை நிர்வகித்த மக்நெயர் என்ற அதிகாரி 1899இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விலங்கு பூட்டி வந்தவன் விலங்கு வேட்டைக்குப் போனான் என்று சிலேடையாகச் சொல்லிச் சிரிக்கலாம். போனவனுக்குச் சிரிப்பு வந்திராது.

வேட்டையோடு குழிகளும் தோண்டப்பட்டன. புக்கித் தீமாக் காட்டில் தாம் பார்த்த புலிக்குழிகளை வாலஸ் விவரிக்கிறார். வாய் குறுகி அடி அகன்ற ஆழ்குழி; ஏறிவர இயலாது; மேலே சுள்ளியும் இலையும் பரப்பிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருப்பார்கள். முன்பு குழியின் அடியில் கூரிய கழு ஒன்றை நட்டு வைப்பதும் வழக்கமாக இருந்ததாம். வழிப்போக்கர் ஒருவர் தவறி விழுந்து கழுவில் குத்துண்டு இறந்ததால் அது தடை செய்யப்பட்டது என்கிறார். புலிக்கென்று வெட்டிய பள்ளத்தில் மனிதன் விழுந்த இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் அது தேவைப்படும்.

*

காடு சுருங்கச் சுருங்கப் புலி அபாயத்திலிருந்து வேடிக்கைக்கு இறங்கியது. 1902இல் புகழ்பெற்ற ராஃபிள்ஸ் விடுதியின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒரு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. சுட்டவர் ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தின் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ். அது காட்டிலிருந்து வந்த புலியன்று. அருகில் நடந்த காட்சியொன்றின் கூண்டிலிருந்து தப்பி, தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய அறையின் கீழே பதுங்கிய புலி. காட்டுப்புலிகளில் கடைசியானது 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். சிங்கபுரம் என்று பெயர் பெற்ற தீவில் சிங்கம் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்த புலியும் அத்தோடு போயிற்று.

கோல்மன்மீது புலி பாயும் ஓவியத்தை வரைந்தவர் ஹைன்ரிக் லாய்ட்டமன் என்னும் ஜெர்மானியர். நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வரைந்தது அது. அவருக்கு ஒரு நண்பர். ஹாம்பர்க் நகரின் கார்ல் ஹாகன்பெக். உலகெங்கிலுமிருந்து காட்டு விலங்குகளை வரவழைத்துச் சர்க்கஸ்களுக்கும் விலங்குத் தோட்டங்களுக்கும் விற்ற பெருவணிகர். லாய்ட்டமன் 1887இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இன்றைய குடும்ப விடுமுறையின் வடிவத்தை வகுத்தவர்களுள் இந்த ஹாகன்பெக்குக்கு முதலிடம் தரலாம்.

அவர் 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் திறந்த தோட்டத்தில் கம்பிக்கூண்டுகள் இல்லை. செயற்கைப் பாறைகளின்மேல் சிங்கங்கள் திறந்தவெளியில் நின்றன. பார்வையாளருக்கும் அவற்றுக்கும் நடுவே இருந்தது, கீழிருந்து நோக்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் அகழி. எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் எழும்பும் என்று சோதித்தறிந்து அதற்கேற்ப அகழியின் அகலத்தை வகுத்திருந்தார்கள். புலிக்குழியின் மறுபிறவி இது. குழி புலியைக் கொல்வதற்காக மறைக்கப்பட்டது. அகழி, புலி சுதந்திரமாக இருப்பதாக நம்மை நம்பவைப்பதற்காக மறைக்கப்பட்டது.

ஹாகன்பெக் காட்டியவை விலங்குகள் மட்டுமல்ல. 1870களிலிருந்து அவர் மனிதர்களையும் காட்சிப்படுத்தினார். லாப்லாந்து, நூபியா, பிறகு இலங்கை என்று பல நாட்டவரும் தத்தம் ஆடை அணிகளோடும் கால்நடைகளோடும் ஐரோப்பிய நகரங்களில் ‘வாழ்ந்து காட்ட’ அழைத்துச் செல்லப்பட்டார்கள். யானைப்பாகர், பாம்பாட்டி, கழைக்கூத்தர், நடனமாதர் எல்லாரும் அதில் அடக்கம். அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜான் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி, ஆள் சேர்ப்பதையும் விலங்கு சேர்ப்பதையும் ஒரே தொழிலாக நடத்தினார். தென்னிந்தியாவிலிருந்தும் அவர்கள் ஆட்களைத் திரட்டினார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பெர்லினிலும் வியன்னாவிலும் வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்களுக்கும் அது ஒரு விடுமுறை நாள்தான்.

ஜான் ஹாகன்பெக் கொழும்பை அடுத்த தெஹிவளையில் வைத்திருந்த விலங்குச் சேகரிப்பை 1936இல் அரசு ஏற்றது. அதுவே இலங்கையின் தேசிய விலங்கியல் பூங்காவாயிற்று. பின்னாளில் அதன் இயக்குநராகப் புகழ்பெற்றவர் லின் டி அல்விஸ் என்ற இலங்கையர். சிங்கப்பூர் தனக்கென்று ஒரு விலங்குத் தோட்டம் அமைக்க முடிவு செய்தபோது ஆலோசகராக அழைத்தது இவரைத்தான். ஹாம்பர்க்கின் அகழி கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பாதை இதுவே.

*

அதற்குமுன் சிங்கப்பூரில் விலங்குத் தோட்டம் இல்லாமல் இல்லை. தாவரவியல் பூங்காவில் 1875இல் அரசு ஒன்றைத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டது. பிறகு அந்த ஆசையைத் தன் சொந்தச் செலவில் தாங்கியவர் பசப்பா என்ற இந்திய வழிச் செல்வந்தர். முதலில் சிராங்கூன் சாலையிலும், 1928 முதல் பொங்கோல் கடற்கரையிலும் அவர் தோட்டம் இருந்தது. தாம் வளர்த்த புலியைச் சங்கிலி பூட்டி உடன் அழைத்துச் செல்வார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

ஜப்பானியப் படை நெருங்கிய வேளையில் பிரிட்டிஷ் இராணுவம் பொங்கோலைத் தனக்கு வேண்டிய பாதுகாப்பு நிலையென்று கண்டது. விலங்குகளை உடனே அகற்றும்படி பசப்பாவுக்கு உத்தரவு வந்தது. அத்தனை உயிர்களை எங்கே கொண்டுபோவது? படையினர் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், மற்றவற்றைத் திறந்துவிட்டார்கள். 1943இல் பசப்பா காலமானார். காட்சிக்கு வைக்கப்பட்ட உயிர், மனிதனுக்கு நெருக்கடி வந்த முதல் நாளிலேயே கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

இன்றைய மண்டாய்த் தோட்டம் 1973 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. ஓங் சுவீ லோ அப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவர். நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டுநிலம் அவர் பொறுப்பில் இருந்தது. குடிநீரைக் காப்பதற்காக ஆள் புகாமல் வைத்திருந்த அந்நிலத்தின் ஒரு பகுதியை மக்கள் பொழுதுபோக்குக்கு ஒதுக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததே இத்தோட்டம். 1965இல் தனிநாடான சிங்கப்பூர், இரண்டாண்டுக்குள் பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்ற செய்தியையும் கேட்டது. வேலைவாய்ப்பும் வருமானமும் தேடிய அரசின் கணக்கில் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. 1971இல் ஜூரோங் பறவைப் பூங்கா, 1972இல் செந்தோசா வளர்ச்சிக் கழகம், 1973இல் விலங்குத் தோட்டம் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தது தற்செயலன்று.

அகழிகள் தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகக் கைகொடுத்தன என்று சொல்வதற்கில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு வடிகாலுக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. பிடிக்கும் முயற்சியில் மாண்டது. 1974இல் ஒரு நீர்யானை நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி 47 நாள் ஊருக்குத் தண்ணீர் காட்டியது. பிறகு தோட்டம் நிலைபெற்றது. வீடொன்றில் சட்டத்துக்குப் புறம்பாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்ட ஆ மெங் என்னும் சுமத்ரா ஒராங் உத்தான் அதன் முகமாயிற்று. அதனோடு காலையுணவு உண்பது பல குடும்பங்களின் விடுமுறைப் புகைப்படமாக நிலைத்தது. 2008 பிப்ரவரியில் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினர். 1990இல் அங்கேயே பிறந்த இனுக்கா என்னும் துருவக்கரடி இன்னொரு கதை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்கு அருகில் வாழ்ந்த அதன் வெண்ணிற உரோமத்தில் 2004இல் பாசி படர்ந்து பச்சை நிறமேறியது. 2018இல் நோயும் முதுமையும் முற்றி அது கருணைக்கொலை செய்யப்பட்ட பிறகு, துருவக்கரடி வளர்ப்பதையே தோட்டம் கைவிட்டது.

லின் டி அல்விஸின் மற்றொரு எண்ணம் 1994இல் செயல்வடிவம் பெற்றது. வெப்பமண்டல விலங்குகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. பகலில் அவற்றைக் காட்டுவது உறங்குபவர்களைக் காட்டுவதாகும் என்பது அவர் வாதம். உலகின் முதல் இரவு விலங்குத் தோட்டம் 35 ஹெக்டேர் பரப்பில் பிறந்தது. நிலவொளி போன்ற மங்கலான விளக்குகள், ஓசை குறைந்த டிராம் வண்டி, இருளில் முற்றிலும் மறைந்துபோன அகழிகள். தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கண்டால் குறிஞ்சிப் பாடல்கள் நினைவுக்கு வராமல் போகாது. இரவில் வரும் தலைவனைத் தோழி வரவேண்டாம் என்று தடுப்பாள். அவள் காட்டும் காரணங்களில் முதன்மையானது வழியின் ஏதம். புலியும் யானையும் பாம்பும் திரியும் மலைவழியில் அவனுக்கு என்ன நேருமோ என்று தலைவி அஞ்சுகிறாள். அந்த ஏதத்தைக் கழித்துவிட்டு, காட்டையும் இரவையும் மட்டும் குளிர்பானத்தோடு வழங்க முடியும் என்று நைட் சஃபாரி காட்டியது.

*

அகழி விலங்கோடு நின்றுவிடவில்லை. விடுமுறையின் மறுபாதியான சாகசத்துக்கும் அதே தத்துவம்தான். அதன் களமான செந்தோசாவுக்கு முன்பிருந்த பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. அப்பெயரில் ‘மாத்தி’ என்பது மலாயில் சாவைக் குறிக்கும் சொல். பிரிட்டிஷார் அதனைக் கோட்டைகளும் பீரங்கிகளும் கொண்ட காவல்தீவாக்கினர். 1942இல் ஜப்பானியர் சீனரைக் கொன்று கடலில் எறிந்தபோது உடல்கள் கரையொதுங்கிய தீவுகளுள் இதுவும் ஒன்று. படைகள் நீங்கிய பின் 1972இல் மக்களிடம் பெயர் கேட்டு, அமைதி என்று பொருள்படும் ‘செந்தோசா’வைச் சூட்டினார்கள். நமக்கும் நெருக்கமான சந்தோஷத்தின் திரிபு அது. 1974இல் கேபிள் கார் ஓடத் தொடங்கியது.

1983 ஜனவரி 29 மாலையில், துறைமுகத்தை விட்டு நகர்ந்த எண்ணெய் துளைக்கும் கப்பல் ஒன்றின் உயரமான கோபுரம் அந்தக் கம்பிவடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அந்தரத்தில் ஊசலாடிய பெட்டிகளில் சிக்கிய பதின்மூன்று பேரை இரவோடிரவாக ஹெலிகாப்டர்கள் மீட்டன. கம்பிவடத்தின் வலிமையைக் கணக்கிட்டவர்கள் கப்பலின் உயரத்தைக் கணக்கிடவில்லை. அதற்குப் பின்னரே உயரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் வந்தன. இன்று நாம் நிம்மதியாக ஏறி அமரும் ஒவ்வொரு சாகச இருக்கையின் அடியிலும் இத்தகைய ஒரு பழைய நாள் இருக்கிறது.

செந்தோசாவில் வேறொரு வேலியும் இருந்தது. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ 1966இல் கைதாகி விசாரணையின்றி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1989இல் விடுவிக்கப்பட்டபோது அவர் வீட்டுக்குப் போகவில்லை. செந்தோசாவில் ஒரு காவலர் குடிலில் குடியிருக்க வேண்டுமென்று உத்தரவு. குடிலுக்கு வாடகையும் அவரே கொடுக்க வேண்டும். 1992 வரை அவர் இரவுகள் அந்தத் தீவில்தான் கழிந்தன. படகிலும் கேபிள் காரிலும் வந்து குடும்பங்கள் மகிழ்ந்து திரும்பிய அதே தீவு ஒருவருக்கு மட்டும் திரும்ப முடியாத இடமாயிருந்தது.

இன்று அங்குள்ள சாகசங்களில் பல நியூசிலாந்திலிருந்து வந்தவை. சரிவில் ஓடும் லூஜ் 2005இலும், ஏ. ஜே. ஹாக்கெட்டின் 47 மீட்டர் பஞ்சிக் கோபுரம் 2017இலும் வந்தன. ஹாக்கெட் 1987இல் ஐஃபெல் கோபுரத்திலிருந்து குதித்துக் கைதானவர். அடுத்த ஆண்டே நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் அருகே கவராவ் பாலத்தில் பஞ்சியைத் தொழிலாக்கியவர். ஆனால் பஞ்சியின் மூலம் அங்கே இல்லை. பசிபிக்கின் வனுவாட்டு நாட்டில் பெந்தெகொஸ்ட் என்றொரு தீவு. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, வள்ளிக்கிழங்கு அறுவடைக் காலத்தில், அங்குள்ள ஆடவர் கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு உயர்ந்த மரக்கோபுரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். நகோல் என்பது அதன் பெயர். குதிப்பவன் தலையோ தோளோ மண்ணைத் தொட்டும் தொடாமலும் உரசினால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. ஒவ்வொருவனுக்கும் அவன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி கொடியைப் பெரியவர்கள் தேர்ந்து வெட்டுகிறார்கள். மழைக்காலம் கழிந்த அந்தச் சில மாதங்களில்தான் கொடிக்கு வேண்டிய இழுவை இருக்கும்.

1974 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசி அத்தீவுக்கு வந்தார். விருந்தாளியின் பொருட்டுப் பருவம் தவறி நகோல் நடத்தப்பட்டது. கொடி இன்னும் பக்குவப்படவில்லை. குதித்தவர்களில் ஒருவரின் கொடி அறுந்தது, அவர் இறந்தார். பார்வையாளரின் நாட்காட்டி கொடியின் நாட்காட்டியை வென்றதன் விலை அது. பஞ்சி நிறுவனங்கள் கொடிக்குப் பதில் ரப்பர்க் கயிற்றைக் கட்டி, பருவத்தின் தேவையையே அகற்றிவிட்டன. எல்லா மாதமும் குதிக்கலாம். கிழங்கு விளைவதோடு அதற்குத் தொடர்பும் இல்லை.

*

2008 நவம்பர் 13 அன்று மண்டாய்த் தோட்டத்தின் வெண்புலிப் பகுதியில், சரவாக்கிலிருந்து வந்து பணிபுரிந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பார்வையாளர்கள் கண்முன்னே அகழிக்குள் இறங்கினார். கையில் வாளியும் துடைப்பமும் இருந்தன. புலிகள் அவரைக் கொன்றன. அந்தப் புலிகளும் காட்டுக்கு உரியவையல்ல. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த ஒரு வெண்புலிக்குட்டியிலிருந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து உலகமெங்கும் பரப்பிய வகை அது. காட்சிக்காகவே பெருக்கப்பட்ட நிறம். அம்மனிதரின் மனத்தில் அன்று என்ன இருந்தது என்று ஊகிப்பது முறையன்று. புக்கித் தீமாவின் புலிக்குழியில் விழுந்த வழிப்போக்கரை மட்டும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நூற்றைம்பது ஆண்டுகளில் குழி அகழியாயிற்று, மறைக்கும் கலை வளர்ந்தது. பார்க்க வந்தவர்களை அகழி பத்திரமாகக் காத்தது. விழுந்தவர் அந்த இடத்தைப் பெருக்க வந்தவர்.

மண்டாய் இப்போது இன்னும் விரிந்திருக்கிறது. ஜூரோங்கின் பறவைகள் 2023இல் அங்கே குடிபெயர்ந்தன. விரிவாக்கப் பணியின்போது 2018இல் அப்பகுதிச் சாலைகளில் எறும்புத்தின்னியும் சிறுத்தைப்பூனையும் கடமானும் வண்டிகளில் அடிபட்டு மாண்டன. காட்சிக்கு அல்லாமல் காட்டில் தாமாக எஞ்சியிருந்த உயிர்கள் அவை. 2019இல் சாலைக்கு மேலே மண் பரப்பி மரம் நட்ட பாலம் ஒன்றை அவற்றுக்காகத் திறந்தார்கள். அகழியும் வேலியும் பிரித்த வரலாற்றில், விலங்கு தன் வழியே போகட்டும் என்று கட்டிய இப்பாலத்தைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் திறந்த ‘ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா’ என்னும் பூங்கா, விலங்குகளையும் சாகசத்தையும் ஒரே சீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. மலாயாப் புலியைப் பார்த்துவிட்டு அங்கேயே குகைக்குள் தவழலாம். மரமுகட்டு உயரத்திலிருந்து குதிக்கலாம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? குழந்தைக்குப் புலியைக் காட்டுவது நல்ல காரியம். தேர்ந்த கயிற்றில் தொங்கிக் கூச்சலிடுவதிலும் பாவம் ஒன்றுமில்லை. பயண நிரலில் ஒரு பிற்பகலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேராலயத்தின் வெண்சுவரைக் குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம் தொலைவில்லை. கோல்மனின் பெயரில் அந்நகரில் ஒரு தெருவும் ஒரு பாலமும் உண்டு. ஓவியத்தில் அவரைச் சுற்றி விழுகிறவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள் என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டு, பிறகு டிராம் ஏறலாம்.